இற்செறிப்பும் இன்ஸ்டாகிராமும்

சங்க அகப்பாடல்களில் 'இற்செறிப்பு' என்றொரு நிலை உண்டு. மகளின் களவு பற்றி ஐயம் எழுந்ததும் தாய் அவளை வீட்டுக்குள் நிறுத்திவிடுவாள். தினைப்புனம் காக்கப் போய்வந்தவளுக்கு அதன்பின் வாசல் இல்லை. வகுப்பில் இதை நடத்தும்போது நான் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. "ஃபோனை வாங்கி வச்சுக்கிறதுதானே மேடம்?" என்கிறார்கள் மாணவிகள்.

இப்போது அந்தப் பூட்டு கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பிள்ளையின் கைபேசி எத்தனை மணிக்கு முடங்க வேண்டும், எந்தச் செயலி அதில் இருக்கலாம் என்று பெற்றோர் தீர்மானிக்க கூகுளின் ஃபேமிலி லிங்க் வழி செய்கிறது. பிள்ளை இருக்கும் இடத்தையும் காட்டுகிறது. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராமின் பதின்வயதினர் கணக்கு, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகளை அடக்கிவைக்கிறது. மேற்பார்வையில் இணைந்த பெற்றோர், கடந்த 7 நாட்களில் மகள் யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்று பார்க்கலாம். என்ன எழுதினாள் என்று படிக்க முடியாது.

இதை அவளுடைய தனியுரிமைக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். அகப்பாடல் படித்த எனக்கு வேறொன்றும் தெரிகிறது. பேச்சு தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்தால் அதிலிருந்து பிறப்பது அலர். 'பாடக்குறிப்பு கேட்டேன்' என்ற பதில் எத்தனை வீடுகளில் எடுபடும்?

இந்தச் செயலிகள் பேசும் 'பெற்றோர்' ஆணுமல்ல, பெண்ணுமல்ல. அவருக்கென்று ஒரு ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, அமைப்புகளைப் படித்துப் பார்க்க நேரம் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் லயன்களில் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்கு இதில் எது இருக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்தியாவில் 100க்கு 54 பேர். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 பேர், ஆண்களில் 57 பேர். அப்படியானால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? அப்பாவிடம், இல்லையென்றால் அண்ணனிடம். குறிஞ்சிப் பாடல்களிலும் பூட்டுபவள் தாய்தான். அவளுக்குப் பின்னால் தந்தையும் தன்னையரும் நிற்கிறார்கள். மகள்மேல் ஒரு சொல் வந்தால் ஏச்சு வாங்குபவள் இன்றும் அம்மாதான். அண்ணனின் கைபேசிக்கு மட்டும் பூட்டே கிடையாது.

கூடலூரைத் தாண்டினால் கேரளம். அங்கே 2019இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி பயன்படுத்தக்கூடாது என்ற விதியை ஏற்க மறுத்த ஃபஹீமா ஷிரின் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் நீதிமன்றம் போனார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று அந்த செப்டம்பரில் உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். விடுதி மாணவிகள் தாமே முடிவெடுக்க வல்ல வயதுவந்தவர்கள் என்பதைக் கல்லூரி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் நினைவூட்டினார்.

ஃபஹீமா கல்லூரி மாணவி. எட்டாம் வகுப்புச் சிறுமிக்கும் அதையே சொல்ல முடியுமா என்று கேட்கலாம். முடியாது. முன்பின் தெரியாதவன் அனுப்பும் செய்தியும், படத்தைத் திரித்து மிரட்டுவதும் உண்மையான ஆபத்துகள். சிறுமிக்குக் காவல் வேண்டும். ஆனால் கைபேசி பறிபோகும் என்ற பயம் இருக்கும் வீட்டில், மிரட்டல் வந்தால் மகள் அதைத்தான் முதலில் மறைப்பாள். மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அதுதான். 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். 8 வயதுக்கும் 17 வயதுக்கும் உள்ள தூரத்தை வீடுதான் அறிந்து நடக்க வேண்டும்.

பூட்டுவதானால் அவள் முன்னால், காரணம் சொல்லிப் பூட்டலாம். அவள் அண்ணனுக்கும் தம்பிக்கும் அதே விதி இருக்கட்டும். பிறந்தநாள்தோறும் ஒரு பூட்டைக் கழற்றலாம். குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் இணையக் குற்றங்களுக்கான 1930ஐயும் அவளே தெரிந்துவைத்திருக்கட்டும். இதற்கெல்லாம் முன்னால் அம்மாவின் கையில் அவளுக்கே சொந்தமான ஒரு கைபேசி வேண்டும்; அதைக் கையாள அவளுக்கு மகளே கற்றுக்கொடுக்கலாம்.