மூன்று தோட்டா, ஐந்து தோட்டா

ஒரு கதையில் துப்பாக்கி வந்தால் நான் முதலில் தேடுவது, எத்தனை தோட்டா இருக்கிறது என்பதை. இது இலக்கியம் தந்த பழக்கமில்லை, தொழில் தந்தது. பத்து பஹாட்டில் படித்து முடித்து, மூவாரில் உலோகத் தகட்டை அச்சில் அழுத்தி உருவமாக்கும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். ஸ்டோரில் எவ்வளவு தகடு மிச்சம் என்று தெரியாமல் காலையில் மெஷினை ஓட்ட முடியாது. அந்தக் கண்ணோடுதான் புத்தகத்தையும் படிக்கிறேன்.

சமீபத்தில் இரண்டு வேட்டை எழுத்துகளை அடுத்தடுத்து மறுபடி படித்தேன். ஒன்று, ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' நூலில் (1944) வரும் சம்பாவத் புலியின் கதை. இன்னொன்று, ஜார்ஜ் ஆர்வெல் பர்மா போலீஸ் வேலையை நினைவுகூர்ந்து 1936-ல் எழுதிய 'யானையைச் சுடுதல்'. இரண்டிலும் கதைசொல்லி பெரிய மிருகத்துக்கு முன்னால் நிற்கிறார். இரண்டிலும் தோட்டா கொஞ்சம்தான். கார்பெட்டிடம் மூன்று, ஆர்வெல்லிடம் ஐந்து.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்று சொல்ல, தோட்டாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் பொருளுக்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன: குண்டு, மருந்து, அடியில் தீப்பற்ற வைக்கும் கேப், இவற்றையெல்லாம் தாங்கும் பித்தளைக் கூடு. கூட்டுக்கு மலாயில் 'கெலோங்சோங்' என்பார்கள். ஈயத்தை அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு செய்துகொள்ளலாம். கூட்டை அப்படி வீட்டில் செய்ய முடியாது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, சூடாக்கி இளக்கி, நீளமாக இழுத்து, மறுபடி இளக்கி, மறுபடி இழுத்து உருவாக்க வேண்டும். வெடிக்கிற கணத்தில் அது விரிந்து பின்பக்கத்தை அடைத்து நிற்கணும், அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி வெளியே வரணும். அதனால் காலிக்கூட்டை விவரம் தெரிந்தவர்கள் வீசி எறிவதில்லை. மறுபடி நிரப்பலாம். சில தடவைகளுக்குப் பிறகு கழுத்தில் விரிசல் விழும், அத்தோடு அதன் ஆயுள் முடியும்.

ஆகவே 'யானைக்கு எந்தத் துப்பாக்கி?' என்ற கேள்வி பலம் பற்றியது போலத் தோன்றினாலும், பாதி அது சப்ளை பற்றிய கேள்வி. எதற்குக் கூடு கிடைக்குமோ அதுதான் நல்ல துப்பாக்கி. இதை அரசாங்கமும் அறிந்திருந்தது. 1907-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு 450 போர் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் உள்ளே வரத் தடை போட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளும் அதே போர்தான். அவை கலகக்காரர்கள் கையில் இருந்தன. வேட்டைக்காரனின் தோட்டாச் சாமான் அங்கே போய்ச் சேரும் என்று பயம். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் 465, 470, 475 என்று வேறு அளவுகளுக்குப் போயின. 450-க்கும் 470-க்கும் குண்டின் விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. யானைக்கு அது தெரியப்போவதில்லை. சுங்கத்துறைக்குத் தெரிந்தால் போதும்.

அதே 1907-ல்தான் கார்பெட் சம்பாவத் புலியைத் தேடிப் போகிறார். மொத்தம் 436 பேரைக் கொன்ற பெண்புலி. கார்பெட் கையில் 500 போர் துப்பாக்கி. மூன்று தோட்டாதான் எடுத்துப் போகிறார். இரண்டு சுடுவதற்கு, மூன்றாவது அவசரத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்த பிறகும் காயம்பட்ட புலி உயிரோடு நிற்கிறது. தாசில்தாரிடம் ஓடி, அவருடைய பழைய துப்பாக்கியை வாங்கி வருகிறார். திறந்து பார்த்தால் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி. எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு இடைவெளியோடு ஒரு அச்சு வந்தால் யாரும் கிட்டவே போகமாட்டோம். புகை பின்னால் அடித்துக் கண் போகலாம் என்று கார்பெட்டுக்கும் தெரியும். தெரிந்தே சுடுகிறார்.

இந்தக் கதையை வீரக்கதையாகப் படிக்கலாம். எனக்கு அது ஒரு தவறான எஸ்டிமேட்டின் கதை. கார்பெட் அதை மறைக்கவில்லை. மூன்று என்று முதலிலேயே சொல்லி வைத்ததால்தான் பிறகு வரும் பயத்தை நாம் நம்புகிறோம். தோட்டாவை எண்ணாத வேட்டைக்கதையில் நாயகன் சாகமாட்டான் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆர்வெல் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. அவரிடம் இருந்தது பழைய 44 வின்செஸ்டர். யானைக்கு அது போதாது. ஆள் அனுப்பி யானைத் துப்பாக்கியும் ஐந்து தோட்டாவும் வரவழைக்கிறார். துப்பாக்கி வந்ததும் ஊரே பின்னால் திரள்கிறது. யானையோ மதம் தணிந்து வயலில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. சுட வேண்டிய தேவை போய்விட்டது. ஆனால் துப்பாக்கியை வரவழைத்தாச்சு, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் சுடுகிறார். பக்கவாட்டில் நிற்கும் யானையின் காதுத் துளைக்கு நேராகச் சுட வேண்டும் என்பது தெரியாமல், சில அங்குலம் முன்னால் குறி வைக்கிறார். ஐந்தும் தீர்கின்றன, யானை சாகவில்லை. பிறகு சின்னத் துப்பாக்கியாலும் சுட்டுப் பார்த்துவிட்டு, தாங்கமுடியாமல் போய்விடுகிறார். இது உண்மையில் அவருக்கு நடந்ததா என்று இன்றும் விவாதம் உண்டு. எனக்கு அது பிரச்சனையில்லை. பெரிய போர் துப்பாக்கி கைக்கு வந்தால் அதற்கு ஒரு வேலை தேவைப்படுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய இன்னொரு எழுத்தை நான் படித்ததில்லை.

போன தடவைகளில் நான் வேகமாகத் தாண்டிப் போன ஓரிடத்தில் இந்த முறை நின்றுவிட்டேன். யானை ஒரு மனிதனை மிதித்துக் கொன்றிருக்கிறது. ஒரு இந்தியன், கறுத்த திராவிடக் கூலி என்று ஆர்வெல் எழுதுகிறார். கடைசியில் இளம் வெள்ளைக்காரர்கள், ஒரு கோரிங்கிக் கூலியைவிட யானைக்கு மதிப்பு அதிகம் என்று பேசிக்கொள்கிறார்கள். கோரிங்கி என்பது ஆந்திரக் கரையின் கோரிங்கா துறைமுகப் பெயரிலிருந்து வந்தது. தென்னிந்தியக் கூலிகளை பர்மாவில் அப்படித்தான் அழைத்தார்கள். தெலுங்கரோ தமிழரோ, கட்டுரையில் அவருக்குப் பெயர் கிடையாது. தோட்டா ஐந்து என்று மட்டும் துல்லியமாக இருக்கிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டேய், அது ஆர்வெல் வேணும்னே செய்யறது. கூலி செத்ததுல எனக்குச் சந்தோஷம், சட்டப்படி நான் தப்பிச்சேன்னு அவரே சொல்றாரே. அந்த அசிங்கத்தைத்தான் காட்டுறாரு" என்றார். சரிதான். ஆர்வெல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை. ஆனாலும் அந்தக் குற்றவுணர்வின் எடை முழுக்க யானைமேல்தான் இறங்குகிறது. யானை மெல்ல மெல்லச் சாவதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். கூலியின் உடம்பையும் முகத்தையும் பார்க்கிறோம், ஆனால் அவர் யார், யாரை விட்டுப்போனார் என்று கேட்க அங்கே யாருமில்லை. எழுதுகிறவன் தன் உலகத்தில் எது குறைவாக இருக்கிறதோ அதைத்தான் எண்ணுகிறான். தோட்டா குறைவு. கூலிகள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள்.

கார்பெட்டை இந்த இடத்தில் கொஞ்சம் பிரித்து வைக்க வேண்டும். சம்பாவத் கதையில் காடு கலைக்க வந்தவர்கள் 298 பேர் என்று அவர் எண்ணிச் சொல்கிறார். லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிகளைக் கண்டுகொள்ளமாட்டேன், மருந்தும் தருகிறேன் என்று தாசில்தார் அறிவித்ததும், ஒளித்து வைத்திருந்த பழைய ஆயுதங்களோடு கிராமத்துக்காரர்கள் வந்து நிற்பதையும் எழுதுகிறார். 298 என்பதும் ஒரு தொகைதான், பெயர்கள் இல்லை. ஆனால் 1952-ல் வந்த 'என் இந்தியா'வில் புத்து, சமாரி என்று மோகாமா காட்டில் தன்னிடம் மூட்டை தூக்கியவர்களுக்குத் தனித்தனி அத்தியாயமே எழுதினார். ஒருவேளை அவர்கள் இல்லாமல் தன் வேலை நடந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மலாயாவிலும் யானை, செலாடாங் வேட்டை நூல்கள் உண்டு. தியோடர் ஹப்பாக் 1905-லேயே ஒன்று எழுதினார். பிறகு அவரே மனம் மாறி, இன்றைய தாமான் நெகாரா உருவாகப் போராடினார். எங்கள் வீட்டில் அப்படிப் புத்தகம் எதுவும் இல்லை. பாட்டி சொன்ன ஒரு சம்பவம்தான் இருக்கிறது.

பாட்டி மூவார் ஆற்றின் மேல்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா, துரை வேட்டைக்குப் போகும்போது காடு கலைக்கப் போவாராம். "சுட்டு முடிச்சதும் கூட்டைப் பொறுக்கி எண்ணிக் குடுக்கணும் தம்பி. ஒண்ணு கொறைஞ்சாலும் தொரை விடமாட்டாரு." ஆனாலும் ஒரு கூட்டை அவர் எப்படியோ எடுத்து வந்துவிட்டார். பெருவிரல் தடிமன், பளபளவென்று சாமி படத்துக்கிட்ட இருக்குமாம், ஊதுபத்தி செருக. 1948-ல் அவசரகாலம் வந்ததும் ஒரு ராத்திரி அதை ஆற்றில் வீசிவிட்டார். "வெறுங் கூடுதானே பாட்டி, அதுக்கு என்ன?" என்று கேட்டேன். "அத யாருகிட்ட போயி சொல்றது?" என்றார்.

அந்தப் பயம் மிகையில்லை. துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ல் தூக்கிலிட்டார்கள். ஜொகூரில் சாம்பசிவம் என்பவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: ஒரு துப்பாக்கி, பத்துத் தோட்டா. தோட்டா வழக்கில் விடுதலை, பிறகு துப்பாக்கி வழக்கில் மரண தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் 1950-ல் அதை ரத்து செய்தது. ஒருவன் விடுவிக்கப்பட்டான் என்றால் அந்தத் தீர்ப்பு முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்ற அந்த வரையறையைப் பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக் காட்டுகின்றன.

நான் படித்தவரையில், நம்ம ஆள் ஒருவரின் பெயரும் தோட்டாவின் எண்ணிக்கையும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வருவது அந்தத் தீர்ப்பில்தான். ஒரு வேட்டை நூலிலும் இல்லை. தூக்கில் போடுவதற்குப் பெயர் அவசியம், அதனால் எழுதிக்கொண்டார்கள்.

ஆர்வெல்லையும் கார்பெட்டையும் படிக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் பொருளை அறிந்து எழுதியவர்கள். நம் கதைகளில் துப்பாக்கி வந்தால் பெரும்பாலும் வெறும் 'துப்பாக்கி'யாகவே வந்து போகிறது. என்ன போர், எத்தனை தோட்டா, காலிக்கூட்டைப் பொறுக்கியது யார் என்று தெரிவதில்லை. அந்தத் துல்லியத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் விட்ட பெயர்களை நாம்தான் எழுத வேண்டியிருக்கும்.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது, பாட்டியின் அப்பா பெயரை நான் இதுவரை கேட்டதே இல்லை. போன வாரம் கேட்டேன். சொன்னார். வீட்டு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.