சிங்கம் சொல்வது என்ன?

நம் தேசத்தில் மிக அதிகமான பிரதிகள் அச்சாகி, மிகக் குறைவாக விமரிசிக்கப்பட்ட படைப்பு எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் நமது அரசாங்க முத்திரையைத்தான் சொல்வேன். சட்டைப் பையில் கிடக்கும் நாணயத்தில் அது இருக்கிறது. ரூபாய் நோட்டில் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் அட்டையில் பளபளக்கிறது. வேண்டாத வேளையில் வந்து சேரும் சர்க்கார் கடிதத்தின் தலைப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாவலைப் படித்துவிட்டு அதன் கதாநாயகி செய்தது சரியா தவறா என்று மணிக்கணக்கில் வாதாடும் ரசிகர்களாகிய நாம், இந்தச் சிங்கங்களை ஒரு நிமிஷம் நின்று பார்த்ததுண்டா? பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு நாட்டின் சின்னம் என்பது அந்த நாடு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் மிகச் சிறிய கதை. வெள்ளைக்காரர்களின் சின்னத்தில் ஒரு கேடயத்தைச் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் இருபுறமும் நின்று தாங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே கிரீடம். அந்தக் கதையின் பொருள் விளங்கப் பாஷ்யம் வேண்டியதில்லை. நாம் சுதந்திரம் பெற்றபோது, அரசரின் தலை இருந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி வந்தது. 1949-இல் வெளியான ஒரு ரூபாய் நோட்டிலும், 1950-இல் வெளிவந்த புதிய நாணயங்களிலும் அதற்குப் பதில் கிடைத்தது. 1950 ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு பிறந்த அன்றே, அசோகனின் சிங்கத் தூபி நமது தேசியச் சின்னமாயிற்று.

சின்னத்தை எடைபோட வேண்டுமானால் முதலில் மூலத்தைப் பார்க்க வேண்டும். காசிக்கு அருகே சாரநாத்தில், புத்தர் தம் முதல் உபதேசத்தைச் செய்த இடத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகன் ஒரு தூணை நிறுத்தினான். அதன் உச்சியில் இருந்ததுதான் இந்தச் சிற்பம். சுனார் மணற்கல்லில், ஒரே பாளத்தில் செதுக்கி, கண்ணாடிபோல் மெருகேற்றிய வேலை. உயரம் ஏறக்குறைய 7 அடி. அடியில் மணி வடிவத்தில் கவிழ்ந்த தாமரை. அதன் மேல் ஒரு வட்டப் பட்டை. பட்டையைச் சுற்றி யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகிய நான்கும் நடைபோட, அவற்றுக்கு இடையிடையே நான்கு சக்கரங்கள். பட்டையின் மேல் முதுகோடு முதுகு ஒட்டி, நான்கு திசைகளையும் நோக்கி நான்கு சிங்கங்கள். அவற்றின் தலைக்கு மேலே ஒரு பெரிய தர்ம சக்கரம்.

கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சிங்கங்களுக்கு மேலே சக்கரம் இருந்தது.

இந்தச் சிற்பம் மண்ணுக்குள் போய் மறதியிலும் போயிற்று. 1794-இல் காசியில் ஒரு பேட்டை கட்டுவதற்காக ஜகத் சிங் என்பவரின் ஆட்கள் சாரநாத்தின் பழைய ஸ்தூபத்தைச் செங்கல்லுக்காக இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதும் இந்தச் சிங்கங்கள் அதே இடத்தில் மண்ணுக்குள்தான் கிடந்தன. அசோகனின் எழுத்தையே யாராலும் படிக்க முடியாதிருந்த காலம் அது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தை வாசித்தார். கல்வெட்டில் ‘தேவர்களுக்குப் பிரியமான பியதசி’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அரசன் யார் என்பது இலங்கையின் பாலி நூல்களை ஆராய்ந்த டர்னரின் உதவியால் விளங்கியது. 1904-05-இல் ஓர்ட்டல் என்ற எஞ்சினீயர் சாரநாத்தில் தோண்டியபோது சிங்கங்கள் வெளியே வந்தன. மேலிருந்த சக்கரம் மட்டும் துண்டு துண்டாகக் கிடைத்தது.

இனி, விமரிசனத்துக்கு வருகிறேன். நாவலைச் சினிமாவாக எடுப்பவர்கள் பாதிப் பாத்திரங்களை வெட்டிவிடுவது வழக்கம். நமது சின்னமும் அப்படி ஒரு சுருக்கம்தான். முப்பரிமாணச் சிற்பத்தைத் தாளுக்குக் கொண்டுவந்ததில் நான்காவது சிங்கம் மறைந்தது; அதைப் பற்றிப் புகார் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் முதுகுப் பக்கம் காவல் நிற்கும் பாத்திரம் எந்தக் கதைக்கும் பலமே. பட்டையில் நடுச் சக்கரத்தின் வலப்புறம் காளையும் இடப்புறம் குதிரையும் தெரிகின்றன. யானையும் சின்னச் சிங்கமும் மறுபக்கம் போய்விட்டன. கவிழ்ந்த தாமரையை விட்டுவிட்டார்கள். மலரில்லாமல் உருவம் சற்று விறைப்பாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனால் உண்மையான இழப்பு உச்சியில் இருக்கிறது. மூலத்தில் சிங்கங்கள் சக்கரத்தைச் சுமந்தன. முத்திரையில் அவை எதையும் சுமக்கவில்லை. பட்டையிலுள்ள சக்கரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது சிங்கங்களின் காலடியில் இருக்கிறது. பலத்துக்கு மேலே தர்மம் என்று மூலம் சொன்னதை, பிரதி பாதியில் நிறுத்திவிட்டது.

இது சிற்ப சாஸ்திரக்காரர்களின் சில்லறைத் தகராறு அல்ல. சிங்கத்தின் வாய் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்வி இதைப் பொறுத்தது. பௌத்த மரபில் புத்தருக்குச் சாக்கிய சிங்கம் என்று பெயர். அவருடைய உபதேசத்தைச் சிம்மநாதம் என்பார்கள். முதல் உபதேசம் நடந்த இடத்தில், நான்கு திசைகளையும் பார்த்து வாய் திறந்து நிற்கும் சிங்கங்கள் யாரையும் கடிக்க வரவில்லை; எதையோ சொல்ல வந்திருக்கின்றன. சொல்லும் பொருள் தலைக்கு மேலே சக்கரமாக இருந்தது. சக்கரத்தை எடுத்துவிட்டால் வாய் மட்டும் மிஞ்சும். வாய் மட்டும் மிஞ்சினால் பார்ப்பவன் கண் பல்லின் மேல்தானே போகும்?

போகத்தான் செய்தது. 2022 ஜூலையில் டெல்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்தின் மேல் ஆறரை மீட்டர் உயரத்தில், 9,500 கிலோ எடையில் வெண்கலச் சிங்கங்களைத் திறந்து வைத்தபோது, அவை சாரநாத் சிங்கங்களைவிட உக்கிரமாகப் பல்லைக் காட்டுகின்றன என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. கீழேயிருந்து பார்ப்பதாலும் உருவம் பெரிதானதாலும் அப்படித் தோன்றுகிறது என்றார்கள் மறுதரப்பார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் தள்ளுபடியாயிற்று. பல்லின் நீளத்தை அளப்பதில் எனக்கு அக்கறை இல்லை. சிங்கத்துக்குப் பல் இருக்கத்தான் இருக்கும், அரசாங்கத்துக்கும் இருக்கும். பல்லுள்ள ஒன்று எதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறது என்பதே கேள்வி. அதை அந்த விவாதத்தில் அதிகம் பேர் கேட்டதாகத் தெரியவில்லை.

அசோகன் கேட்டான். கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டார்கள், 1,50,000 பேர் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று தன் வெற்றியின் கணக்கைத் தானே கல்லில் எழுதிவைத்து, அதற்காக வருந்துகிறேன் என்றும் எழுதியவன் அவன். வெற்றித் தூண் நாட்டிய அரசர்கள் உலகில் ஏராளம். வருத்தத்தைக் கல்லில் பொறித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவனின் சிற்பத்தை ஒரு புதிய குடியரசு தேர்ந்தெடுத்ததே பெரிய இலக்கியத் தீர்ப்பு என்று எனக்குப் படுகிறது. அதே சாரநாத் தூணில் இன்னொரு வாசகமும் உண்டு. சங்கத்தைப் பிளக்கும் பிக்ஷுவோ பிக்ஷுணியோ வெள்ளை உடை உடுத்தி வெளியேற்றப்பட வேண்டும் என்பது அந்தக் கட்டளை. சிங்கங்கள் தனித்தனியே நிற்காமல் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டளை நினைவுக்கு வருகிறது.

சின்னத்தைத் தேர்ந்தவர்கள் சக்கரத்தை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொல்வது அநியாயம். 1947 ஜூலை 22-ஆம் தேதி ஏற்றுக்கொண்ட தேசியக் கொடியின் நடுவில் 24 ஆரங்களோடு அதை வைத்தார்கள். சர்க்கார் கட்டடத்தின் வாசலில் சிங்கமும் உச்சியில் கொடியும் இருக்கும்போது பழைய வரிசை திரும்பிவிடுகிறது: கீழே சிங்கம், மேலே சக்கரம்! கொடி ஏறாத காகிதத்தில் என்ன செய்வது? அதற்குத்தான் முத்திரையின் அடியில் முண்டக உபநிஷத்திலிருந்து எடுத்த ‘சத்யமேவ ஜயதே’ என்ற வாசகம் நிற்கிறது. பௌத்தனின் சிங்கத்துக்கு உபநிஷதத்தின் வாக்கா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே தெரிகிறது. உச்சியில் உடைந்துபோன பொருளை அடியில் சொல்லாக மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் வாசகமில்லாத சிங்கத்தை எங்கேயாவது அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. அது பாதிச் சின்னம்.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சிங்கம் அந்நியமா? அசோகனின் ஆட்சி நம் பக்கம் வரவில்லை. ஆனால் அவனுடைய இரண்டாவது பாறைக் கட்டளையில், எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி ஆகியோரின் நாடுகளிலும் மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறான். தான் ஆளாத நாட்டுக்குப் படைக்குப் பதில் மருந்தை அனுப்பியதாகப் பெருமைப்பட்ட அரசன்!

தமிழ்நாட்டு அரசின் சின்னத்திலும் கோபுரத்துக்கு முன்னால் அதே சிங்கங்கள் நிற்கின்றன. கீழே உள்ள வாசகம் மட்டும் தமிழாகியிருக்கிறது: ‘வாய்மையே வெல்லும்.’ சத்தியத்துக்கு நம் மொழியில் மூன்று சொற்கள் உண்டு. உள்ளத்தோடு சேர்த்து உண்மை, மெய்யோடு சேர்த்து மெய்ம்மை, வாயோடு சேர்த்து வாய்மை என்று பெரியவர்கள் விளக்குவார்கள். மூன்றில் வாயின் சத்தியத்தை ஏன் எடுத்தார்களோ, எடுத்தவர்கள் சிங்கத்தின் வாயைப் பார்த்துத்தான் எடுத்தார்களோ என்று தோன்றும்படி அது அமைந்துவிட்டது. அந்த வாய் திறந்திருப்பது எதற்காக என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. அடுத்த தடவை ஒரு சர்க்கார் கடிதம் கைக்கு வரும்போது, முதலில் தலைப்பிலுள்ள முத்திரையைப் படியுங்கள். அதன் கீழே எழுதியிருப்பது அந்த வாயிலிருந்து வந்ததாக இருக்கிறதா என்று பிறகு பாருங்கள்.