விளக்கா, குடமா?

1982 டிசம்பர் 22ஆம் திகதி இலங்கை வாக்காளருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டில் ஆள் பெயரும் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. இரண்டே சின்னங்கள். ‘ஆம்’ என்றால் விளக்கு, ‘இல்லை’ என்றால் குடம். கேட்கப்பட்டது இவ்வளவுதான்: அரசியலமைப்பின் நான்காவது திருத்தச் சட்டமூலத்தை அங்கீகரிக்கிறீர்களா? அந்தச் சட்டமூலத்துக்குள் இருந்ததோ வேறு சங்கதி. 1977 ஜூலையில் தெரிவான நாடாளுமன்றம், பொதுத்தேர்தல் இல்லாமலே 1989 ஆகஸ்ட் வரை நீடிக்கலாம் என்பது அதன் சாரம். ‘இன்னும் ஆறு வருடத்துக்கு உங்களுக்குப் பொதுத்தேர்தல் வேண்டாமா?’ என்று நேராகக் கேட்டிருந்தால் பதில் எப்படி வந்திருக்கும் என்பது அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவுக்குத் தெரியாததல்ல.

சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திகை விளக்கீடு முடிந்த சில வாரங்களில் விளக்கை ‘ஆம்’ பக்கம் வைத்ததே சூழ்ச்சி என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வாசலில் விளக்கோடு நிறைகுடமும்தான் இருக்கிறது. அன்றைய பொய் சின்னத்தில் இல்லை.

முதலில் வாக்கெடுப்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1970இல் ஐந்து வருடத்துக்குத் தெரிவான சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியாகத் தன் ஆயுளை இரண்டு வருடம் நீட்டிக்கொண்டது. யாரையும் கேட்கவில்லை. அதை எதிர்த்து 1975இல் தன் ஆசனத்தையே துறந்து, இடைத்தேர்தலில் நின்று பெரும் வாக்குகளால் வென்று வந்தவர் இதே ஜே.ஆர்.தான். 1978இல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று விதித்தது. காகிதத்தில் இது நல்ல பூட்டு. சிறிமாவோ அம்மையார் கேட்காமல் எடுத்ததை இனி எவரும் கேட்டே எடுக்க வேண்டும். இந்தப் பூட்டு இல்லையென்றால், 26 இலட்சம் பேர் ‘இல்லை’ என்று சொன்னார்கள் என்ற பதிவுகூட வரலாற்றில் இருந்திருக்காது.

ஆனால் பூட்டைச் செய்தவரிடமே சாவியும் இருந்தது.

1982 ஒக்டோபர் 20இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். 52.9 வீதம் பெற்றார். வெற்றிதான், ஆனாலும் இடைஞ்சல். பொதுத்தேர்தல் வந்தால் அது புதிய விகிதாசார முறையில் நடக்கும். 1977இல் பழைய முறையில் 51 வீத வாக்குக்கு ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனங்கள் கிடைத்தன. விகிதாசாரத்தில் 53 வீதத்துக்கு அந்த ஆறில் ஐந்து பங்கு ஒருநாளும் கிடைக்காது. அரசியலமைப்பை நினைத்தபோதெல்லாம் திருத்தும் மூன்றில் இரண்டு பலம் கைவிட்டுப் போகும். வாக்கெடுப்புக்கு உண்மைக் காரணம் இந்தக் கணக்கு. இதை மேடையில் சொல்ல முடியுமா?

மேடையில் சொல்லப்பட்டது ‘நக்சலைட் சதி’. சிறிமாவோவின் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்குள் ஒரு நக்சலைட் கூட்டம் இருக்கிறது, அவர்கள் ஜனாதிபதியையும் வேறு சிலரையும் கொல்லத் திட்டமிட்டார்கள், பொதுத்தேர்தல் வைத்தால் அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று ஜனாதிபதியே சொன்னார். அக்கட்சியின் பிரசாரத்தில் முன்னணியில் நின்ற நடிகர் விஜய குமாரதுங்க கைது செய்யப்பட்டு, வாக்கெடுப்பு முடியும்வரை சிறையில் இருந்தார். பிறகு குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் வெளியே வந்தார். கொலைச் சதி என்று நாடெங்கும் முழங்கப்பட்ட விடயத்தில் எவர் மீதும் வழக்கு நடக்கவில்லை.

இதை வெறும் புளுகு என்று ஒதுக்கிவிட்டால் அது ஏன் எடுபட்டது என்பது விளங்காது. கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக ஏறிவரும் வீதி பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. மேலே போனால் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை. கீழே இறங்கினால் கொஸ்லந்தை, வெல்லவாய. அந்த வெல்லவாயவின் பொலிஸ் நிலையம்தான் 1971 ஏப்ரல் 5ஆம் திகதி, மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சியில் முதலில் தாக்கப்பட்டது. பதினொரு வருடம் பெரிய இடைவெளியல்ல. இந்தச் சந்தியைத் தாண்டிப் போன இராணுவ லொறிகளை நினைவில் வைத்திருந்த ஒருவரிடம் ‘மறுபடியும் அவர்கள் வருகிறார்கள்’ என்றால், அவர் ஆதாரம் கேட்க மாட்டார். தேர்ந்த பொய் எப்போதும் ஒரு நிஜமான பயத்தின் தோளில்தான் ஏறி வரும். அரசு செய்தது, 1971இன் பயத்தை எடுத்து 1982இன் எதிர்க்கட்சிக்குப் போர்த்தியது.

பொய்க்குப் பதில் சொல்ல விடாமல் பார்த்துக்கொண்டதுதான் அதைவிட மோசம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்க, அதன் கீழேயே வாக்கெடுப்பு நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகை மூடப்பட்டது. ‘இல்லை’ என்று வாக்களிக்கக் கோரிய ‘பவிதி ஹண்ட’ என்ற மதகுருமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் கைப்பற்றியது. அந்த அமைப்பின் பிக்கு ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். அடிப்படை உரிமை மீறப்பட்டது, நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1983இல் தீர்ப்பு வந்தது. நட்டஈட்டை அரசே கட்டியது. பிரசுரங்களைக் கைப்பற்றிய பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. நீதிமன்றம் நியாயம் சொல்லியும், அதற்குள் வாக்கெடுப்பு முடிந்து போயிருந்தது. தேர்தல் ஆணையாளரின் அறிக்கையும் அப்படித்தான். ஆள்மாறாட்டம், அச்சுறுத்தல் என்று எழுதிய அந்த அறிக்கை வெளிவந்தது 1987இல்.

முடிவு: ஆம் 31,41,223, இல்லை 26,05,983. 54.7 வீதத்தில் விளக்கு வென்றது. இரண்டு மாதத்துக்கு முன் ஜே.ஆர். தனக்கென்று வாங்கிய வாக்கைவிட இது மூன்று இலட்சம் குறைவு. இத்தனை அடக்குமுறைக்கு நடுவிலும் குடத்துக்கு விழுந்த வாக்கு, ஒக்டோபரில் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ பெற்றதைவிடக் கொஞ்சம் அதிகம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் ‘இல்லை’ என்றார்கள்.

தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை வீதக் கணக்கு காட்டாது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, பெரகலயைச் சுற்றியுள்ள மலைகளிலும் முதலாளி அரசாங்கம்தான். காலையில் பிரட்டுக்கு நிற்கும் இடம், பேர் போடும் கணக்கு, லயத்துக் கூரைத் தகரம், வானொலி, அந்த வருடம்தான் வந்த ரூபவாஹினி, எல்லாம் ஒரே கை. போதாதற்கு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் ‘ஆம்’ பக்கம். அதன் தலைவர் தொண்டமான் 1978 முதல் அமைச்சர். அவரைக் கண்ணை மூடிக்கொண்டு குறை சொல்லவும் முடியாது. 1948இல் குடியுரிமையும் அதன் பின்னால் வாக்குரிமையும் பறிபோன சனத்துக்கு, அமைச்சரவைக்குள் ஒருவர் இருப்பதால்தான் ஏதாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்குப் பலனும் இருந்தது. ஆனால் தலைவர் சொன்னால் லயமே போடும் என்ற பழக்கம், ஆறு வருடத்துக்கு ஒரு தேர்தலையே எழுதிக் கொடுக்கும் விடயத்திலும் அப்படியே செல்லுபடியானது. தொழிலாளிக்கு எதிர்த் தரப்பின் வாதத்தைக் காதில் போட யாரும் இருக்கவில்லை.

இன்னொன்று. ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் இலங்கைப் பிரஜை, பக்கத்துக் காம்பராவில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக் கப்பலுக்குக் காத்திருப்பவர், அடுத்ததில் இரண்டு நாட்டுக்கும் இல்லாதவர். டிசம்பர் 22 அன்று முதலாமவர் மட்டும்தான் வாக்குச்சாவடிக்குப் போக முடியும். ‘மக்கள் தீர்ப்பு’ என்ற பெயரில் தீர்ப்புச் சொன்ன மக்களுக்குள் இவர்களில் பெரும்பகுதி இல்லை. ஆனால் அந்த நாடாளுமன்றம் நீண்டதன் விலையில் இவர்களுக்கும் பங்கு வந்தது. மறு வருடம் ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது, வாக்கு இருந்தவர் இல்லாதவர் என்று யாரும் பார்க்கவில்லை. வாக்கெடுப்புதான் கலவரத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. தேர்தல் வரும் என்ற பயம் ஒரு அரசுக்கு இல்லாமல் போனால் அது எவ்வளவு துணியும் என்பதை அந்த ஜூலை காட்டியது.

என் முக்கியமான குற்றச்சாட்டு இங்கேதான் இருக்கிறது. தேர்தலில் பொய் சொல்லாத கட்சி எங்கும் இல்லை. அதற்கு நம்மிடம் உள்ள ஒரே மருந்து அடுத்த தேர்தல். 1982 வாக்கெடுப்பு, பொய் சொல்லி அந்த அடுத்த தேர்தலையே எடுத்துவிட்டது. 1977க்குப் பிறகு நாடு அடுத்த பொதுத்தேர்தலைக் கண்டது 1989 பெப்ரவரியில். அதற்குள் வடக்கிலும் தெற்கிலும் துப்பாக்கிகள் பேசத் தொடங்கி வருடங்கள் ஆகியிருந்தன.

வெளியூர் அனுபவமும் இதையே சொல்கிறது. 2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பில், வாரம் 350 மில்லியன் பவுண் பிரசல்ஸுக்குப் போகிறது என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதி ஓட்டினார்கள். அது மக்களைத் தவறாக வழிநடத்தும் எண் என்று அந்நாட்டுப் புள்ளிவிபர அதிகாரசபை வாக்கெடுப்புக்கு முன்பே சொன்னது. பஸ் நிற்கவில்லை. பிறகு அந்தப் பிரசாரக் குழுவுக்குத் தண்டம் விழுந்தது, ஆனால் செலவு வரம்பை மீறியதற்காக. பொய்க்குத் தண்டம் இல்லை. இருந்தும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மறுத்துப் பேசப் பத்திரிகை இருந்தது, அடுத்த வருடமே பொதுத்தேர்தலும் வந்தது.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1977 பொதுத்தேர்தலையே தமிழீழத்துக்கான மக்கள் தீர்ப்பாகக் கொள்ளும்படி தமிழர் விடுதலைக் கூட்டணி கேட்டது. 2009, 2010இல் புலம்பெயர் தமிழர் பல நாடுகளில், தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடத்தினார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் 99 வீதத்துக்கு மேல் ‘ஆம்’. அவர்களின் துயரம் உண்மை, வாக்கும் உண்மை. ஆனால் ‘இல்லை’ என்று சொல்ல ஒரு மேடைகூட இல்லாத இடத்தில் வரும் 99 வீதத்தை எதற்கு ஆதாரமாக எடுப்பது? எதிர்ப்பிரசாரம் இல்லாத வாக்கெடுப்பை ஜே.ஆர். நடத்தினால் மோசடி, நாம் நடத்தினால் ஆணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலையகத் தமிழரை இந்த இரண்டிலும் யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை.

இது பழைய கதை என்று நினைத்திருந்தவர்களுக்கு 2024 மே மாதம் ஒரு செய்தி வந்தது. ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது, ஜனாதிபதியின் பதவிக்காலத்தையும் நாடாளுமன்றத்தின் காலத்தையும் இரண்டு வருடம் நீட்ட மக்கள் தீர்ப்பு நடத்தலாம் என்று ஐக்கிய தேசியக் கட்சியின் பொதுச்செயலாளர் யோசனை சொன்னார். இம்முறை நக்சலைட் இல்லை, பொருளாதார மீட்சி. பயம் மாறியது, தந்திரம் மாறவில்லை. எதிர்ப்பு எழுந்தது, யோசனை அடங்கியது, செப்டம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது.

ஆனாலும் மக்கள் தீர்ப்பால் ஆயுளை நீட்டும் அந்த ஏற்பாடு அரசியலமைப்பில் அப்படியே இருக்கிறது. இன்னொரு நாள் இன்னொருவர் அதைக் கையில் எடுக்கலாம். அப்போது பெரகல லயங்களில் மூன்று காம்பராவுக்கும் வாக்குச்சீட்டு வரும். 2003 வரை வந்த சட்டங்கள் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. தோட்டத் தலைவரிடம் அன்றைக்குக் கேட்க வேண்டியது ‘விளக்குக்குப் போடுவதா, குடத்துக்குப் போடுவதா’ என்பதல்ல. அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டதா, சதி என்கிறவர்கள் யார் மீதாவது வழக்குப் போட்டிருக்கிறார்களா, சட்டமூலத்துக்குள் எத்தனை வருடம் எழுதியிருக்கிறது என்பவைதான்.