பறவைகள் இறங்கிய வயல்கள்

விழா மலர் ஒன்றுக்காக இலஞ்சியைப் பற்றி நாலு பக்கம் கேட்டார்கள். ஊரின் வரலாறு, இயற்கை வளம், மக்கள் என்று தலைப்புகளையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டும் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டன. மூன்றாவதில் பேனா நின்றது. வரலாற்றுக்கும் வளத்துக்கும் வேண்டிய வாக்கியங்கள் ஏற்கெனவே தயாராகக் கிடக்கின்றன. மக்களுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. இதை என் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் குற்றாலச் சாரலில் எழுதப்பட்டவற்றை மறுபடி புரட்டியபோது, குறை அத்தனையும் என்னுடையதல்ல என்று தோன்றியது.

இலஞ்சி என்றால் குளம். மகிழமரம் என்றும் பொருள் உண்டு. மகிழுக்கு லின்னேயஸ் வைத்த தாவரப் பெயரில் உள்ள 'எலெங்கி', மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் வழங்கும் இதே சொல்தான். அருணகிரிநாதர் பாடிய குமாரர் கோயில் இருக்கிறது. ஸ்தலபுராணத்தில் அகத்தியர் இங்கே மணலால் லிங்கம் பிடித்து வைக்கிறார். வாலுகம் என்றால் மணல், ஸ்வாமி இருவாலுக நாயகர். குற்றாலத்தில் அப்போது இருந்தது விஷ்ணு கோயில். சைவருக்கு உள்ளே இடமில்லை. இலஞ்சிக் குமாரர் யோசனை சொல்ல, அகத்தியர் வைஷ்ணவ வேஷத்தில் நுழைந்து விஷ்ணுவைச் சிவலிங்கமாக்குகிறார். கதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நாடகம் நடக்கிற இடம் குற்றாலம். இலஞ்சி வேஷம் போட்டுக்கொள்கிற அறை. சீசனில் துண்டும் எண்ணெயுமாகக் கடந்துபோகும் வேன்கள் இன்றைக்கும் அந்தப் புராணத்தைத்தான் கடைப்பிடிக்கின்றன.

இந்தப் பிராந்தியத்தின் மகத்தான நூல் குற்றாலக் குறவஞ்சி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது குரங்குகள் வருகிற மலைப்பாட்டு. அதன் தாளத்தில் மயங்காதவன் காது உள்ளவன் அல்ல. ஆனால் யாரும் மனப்பாடம் செய்யாத ஒரு பகுதி பின்னால் இருக்கிறது. சிங்கனும் நூவனும் பறவை பிடிக்க வருகிறார்கள். பறவைகள் வயலில் இறங்குகின்றன. எந்தெந்த வயல், எந்தப் பற்று, எந்தக் குளம் என்று கவிராயர் பெயர்பெயராக அடுக்குகிறார். கோயிலுக்குத் திருப்பணி செய்தவர்களின் பெயர்களும் வருகின்றன. பக்தர்கள் இதைத் தாண்டிவிடுகிறார்கள், ரசிகர்களும் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நூலில் ஊர் என்கிற வஸ்து கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். மலைப்பாட்டில் வரும் மலையை மேகத்தில்கூட வைத்துவிடலாம். இந்த வயல்களை வேறெங்கும் வைக்க முடியாது. வேடிக்கைப் பாட்டுக்குள் ஒரு கோயில் நிலக் கணக்கையே கவி மறைத்து வைத்திருக்கிறார்.

கணக்கு என்று சொன்னது தொழில் புத்தியால். பயிர்க்கடன் மனுவோடு வருகிற அடங்கலை நான் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். சர்வே எண், பட்டாதாரர், விஸ்தீரணம், கார் பயிரா பிசானமா, எல்லாம் இருக்கும். கவிராயரின் பறவைகள் இறங்கிய அதே ஆயக்கட்டு. வயலுக்குப் பெயர் உண்டு, உடையவனுக்குப் பெயர் உண்டு, பயிருக்குப் பெயர் உண்டு. குறவஞ்சியில் நாரைக்கும் கொக்குக்கும்கூடப் பெயர் உண்டு. நாற்று நட்டவள் இரண்டிலும் இல்லை. சிங்கனும் சிங்கியும் வாய் ஓயாமல் பேசுகிறார்களே என்று கேட்கலாம். பேசுகிறார்கள், அற்புதமாக. ஆனால் அவர்கள் ஊர்க்காரர்களா? குறி சொல்லிவிட்டு, வலை விரித்துவிட்டுப் போய்விடுகிறவர்கள். கதாநாயகி வசந்தவல்லிக்கோ திரிகூடநாதரைத் தவிர வேறு கவலை இல்லை.

முக்கூடற் பள்ளு இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான மடக்கல். குற்றாலத்தில் விழுந்து இந்தப் பக்கமாக ஓடும் சிற்றாறு, சீவலப்பேரிக்கருகே தாமிரபருணியில் சேருகிற இடத்தில் பிறந்தது அந்தப் பள்ளு. அதில் உழுகிறவன்தான் நாயகன். நெல்வகையும் மாட்டுவகையும் தெரிந்தவன் எழுதிய நூல். ஆனாலும் பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுவது நமக்குச் சிரிப்பாகத்தான் தரப்படுகிறது. அவன் மனைவியர் இருவர். ஒருத்தி முக்கூடற் பள்ளி, மற்றவள் மருதூர்ப் பள்ளி. சாதியும் ஊரும் சேர்ந்து ஒரு அடையாளம். அவளுக்கென்று ஒரு பெயர் இல்லை.

டி.கே.சி. கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தார், 1954-இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். கவிதையைக் காதால் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் ரசனை என்பது சாரலில் நனைந்துகொண்டு நிற்கிறவனின் அனுபவம் என்ற ஒரு பழக்கத்தை அந்த வட்டம் நிலைநாட்டிவிட்டது. அதே சாரலில் முழங்காலளவு சேற்றில் குனிந்து நிற்கிறவளின் அனுபவம் வேறு. எண்பதுகளில் கலாப்ரியா முன்னின்று குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகள் நடத்தியபோது நவீன கவிஞர்களும் வந்தார்கள். நாமும் பெரும்பாலும் அருவிக்கரையோடு திரும்பிவிட்டோம். 'ரோஜா' படத்துக்காக 1992 வாக்கில் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துக்குக் காமிரா வந்தது; அதற்கும் பச்சைதான் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரைச் சொல்வதற்கு ஒரு வடிவம் கண்டார்கள். 1915-இல் எட்கர் லீ மாஸ்டர்ஸ் 'ஸ்பூன் ரிவர்' கல்லறையில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பேசவைத்தார், அவரவர் பெயரே தலைப்பாக. 1919-இல் ஷெர்வுட் ஆண்டர்சன், தாம் வளர்ந்த ஓஹையோவின் கிளைட் என்ற ஊரை மனதில் வைத்து 'வைன்ஸ்பர்க்' எழுதினார். புத்தகத்தின் முகப்பில் ஊரின் வரைபடமே போட்டார்கள். பி.ஏ.யில் நான் படித்த அந்த ஊரில் அருவி கிடையாது, புராணம் கிடையாது. மனிதர்களைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லாததால்தான் அவர் மனிதர்களைப் பார்த்தாரோ என்னவோ. நம் கரிசலிலும் அப்படித்தான் நடந்தது. 'கோபல்ல கிராமம்' 1976, 'பிறகு' 1979. வறண்ட நிலத்துக்குப் பாட்டு இல்லை. ஆகவே அதற்கு நாவல் வந்தது. நஞ்சை பற்றி எழுத முடியாதென்று அர்த்தமல்ல, நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 1977-இலேயே வந்துவிட்டது. இந்தச் சாரல் பூமியில் மட்டும் அழகு இன்னும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

எழுத விஷயமா இல்லை? செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதிதான் நம்மோடு சேர்ந்தது. அதுவரை சில மைல் மேற்கே வேறு ராஜ்யம். அந்த எல்லையைத் தலைச்சுமையோடு கடந்தவர்கள் யார், எதைச் சுமந்தார்கள், யாரிடம் பிடிபட்டார்கள்? கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நடவுக்குப் போகிற பெண்கள் கார் தொடங்கும் முன் தோட்டைக் கழற்றிக்கொண்டு வங்கிக்கு வருவார்கள். நகைக்கடன் கணக்கில்தான் அவர்கள் பெயர் முழுசாக, தகப்பன் அல்லது புருஷன் பெயரோடு, கிராம் எடையோடு பதிவாகிறது. முன்பு லெட்ஜரில் என் கையால் எழுதினேன், இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். அந்தப் பெயர்களை வெளியே சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயல்வரப்புக்கே போய்க் கேட்டேன். 'எங்க பேரு எதுக்கு சார்?' என்று சிரித்தார்கள். பிறகு சொன்னார்கள். பதினோரு பெயர். யார் எந்த வயலில் எத்தனை வருஷமாக நடுகிறார்கள் என்பதோடு, மூன்றாவது தலைப்பின் கீழ் அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மலர் வந்தது. அகத்தியர் இருக்கிறார், மகிழமரம் இருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் ஐந்தருவியின் வண்ணப்படம் போட்டிருக்கிறார்கள்.