மூச்சை அளக்கும் பனியன்

போட்டுப் பார்க்காதவர்களிடம் இதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை! ஹெக்ஸோஸ்கின் என்று பெயர், கனடாவின் மான்ட்ரியல் நகரத்துத் தயாரிப்பு. வெளியே பார்த்தால் உடம்போடு ஒட்டுகிற பனியன். உள்பக்கம் திருப்பினால் துணியாலேயே ஆன மின்முனைகள். ஈசிஜி எடுக்கும்போது தடவுவார்களே, அந்தப் பிசுபிசு ஜெல் வேண்டாம். லேசாகத் தண்ணீர் தொட்டு நனைத்தால் போதும், பிறகு வியர்வை பார்த்துக்கொள்கிறது. நொடிக்கு 256 முறை இதயத்தின் மின்னலையைப் பதிவு செய்கிறது.

கைக்கடிகாரம்கூடத்தான் துடிப்பைச் சொல்கிறது என்பீர்கள். மூச்சை இப்படிக் காட்டுமா? எனக்குப் பித்துப் பிடித்ததே அங்கேதான். மார்பைச் சுற்றி ஒன்று, வயிற்றைச் சுற்றி ஒன்று என இரண்டு பட்டைகள். மூச்சை இழுக்கும்போது பட்டை விரிகிறது. அதிலுள்ள கம்பியின் மின்தூண்டல் மாறுகிறது. தூக்க ஆய்வுக்கூடங்களில் கட்டுகிற பட்டைகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு நான் மாடிப்படி ஏறுகிறேன்!

ஏறி முடித்துப் போனைப் பார்த்தால் மார்புக் கோடு துள்ளுகிறது, வயிற்றுக் கோடு சோம்பிக் கிடக்கிறது. உட்கார்ந்து அடிவயிற்றிலிருந்து நிதானமாக இழுத்தேன். வயிற்றுக் கோடு அலையலையாக எழும்பியது. கூடவே இன்னொன்று: இழுக்கும்போது இதயம் சற்றே விரைகிறது, விடும்போது தளர்கிறது. புத்தகத்தில் படித்த விஷயம்தான், ஆனால் என் நெஞ்சிலேயே அது நடப்பதைப் பார்த்தபோது புல்லரித்துவிட்டது. பிராணாயாமம் பழகுகிற ஒவ்வொருவருக்கும் இதை ஒருமுறையாவது போட்டுக்காட்ட வேண்டும்.

இதே நிறுவனத்தின் ஆஸ்ட்ரோஸ்கின் நுட்பத்தில் உருவான சட்டையை 2019இல் கனடா விண்வெளி வீரர் டேவிட் சாந்-ஜாக் விண்வெளி நிலையத்தில் அணிந்திருக்கிறார்.

ஆனால் உடம்பை அறியும் சட்டை என்றால் நான் முதலில் கும்பிடுவது சுந்தரேசன் ஜெயராமனைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். முடித்து, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியரானவர். 1996இல் அமெரிக்கக் கடற்படை நிதியில் அவர் குழு உருவாக்கத் தொடங்கிய சட்டையில் ஒளியிழை உடம்பெங்கும் ஓடியது. குண்டு துளைத்து இழை அறுந்தால், காயம் பட்ட இடம் தெரிந்துவிடும். இழை இடையில் அறாமல் ஓட வேண்டுமே, துணியை வெட்டித் தைத்தால் என்ன ஆவது? கை நுழையும் வளைவைக்கூடத் தறியிலேயே இறக்கி, வெட்டும் தையலும் இல்லாமல் முழுச் சட்டையையும் நெய்தார்கள். தறியில் உட்கார்ந்து பழகியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வாய் பிளப்பார்கள்!