தேனீ கொட்டுக்குச் சோடா உப்பு: ஒரு பாடநூல் எடுத்துக்காட்டு பற்றி

தேனீ கொட்டினால் உள்ளே போவது அமிலம், அதனால் சமையல் சோடாவைக் கரைத்துத் தடவினால் வலி தணியும். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில், அமிலம், காரம், உப்பு பற்றிய பாடத்தில் வரும் கருத்து இது. குளவி விஷம் காரம், அதற்கு வினிகர் என்று இதன் ஜோடியும் வகுப்பறைகளில் சுற்றுகிறது. எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். கொட்டு வாங்கின ஆளுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் வேதியியல். ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவது மரத்தில் இலைக்கூடு கட்டும் செவ்வெறும்பு. தேனீ விஷத்தின் கதை வேறு. அதன் உலர் எடையில் ஏறக்குறைய பாதி மெலிட்டின் என்ற சிறு புரதம்; கூடவே பாஸ்போலிப்பேஸ் போன்ற நொதிகள். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இவற்றின் வேலை. விஷம் சற்றே அமிலத்தன்மை உள்ளதுதான். ஆனால் ஊசி போட்ட மாதிரி தோலுக்கு உள்ளே இறங்கிவிட்டதை, மேலே தடவின சோடா எப்படித் தொடும்? குளவி விஷமோ கிட்டத்தட்ட நடுநிலை. அங்கே வினிகருக்கு வேலையே இல்லை.

"சோடா தடவினா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்கலாம். சோடாவால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கம் வீட்டில் சட்டென்று கைக்குக் கிடைப்பது சோடா இல்லை, வெற்றிலைச் சுண்ணாம்பு. அது கடுமையான காரம், தோலைப் புண்ணாக்கும். பாட்டி சொன்னதும் பாடநூல் சொன்னதும் ஒண்ணாப் போயிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்கறதில்ல.

அடுத்த அறிவுரை: கொடுக்கைக் கிள்ளி எடுக்காதே, விஷப்பை பிதுங்கிவிடும், அட்டையால் சுரண்டி எடு. இதை 1996-இல் விஷர், வெட்டர், கமசீன் மூவரும் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். கிள்ளினாலும் சுரண்டினாலும் தடிப்பில் வித்தியாசம் இல்லை. கொடுக்கு தோலில் இருந்த நேரம் கூடக் கூடத்தான் தடிப்பு பெரிதானது. தேனீயை விட்டுப் பிய்ந்து வந்த பிறகும் கொடுக்கு தானாகவே விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். 1994-இல் வந்த இன்னொரு ஆய்வின்படி, 20 விநாடிக்குள் 90 சதவீத விஷமாவது இறங்கிவிடுகிறது. அட்டை தேடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நகத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு ஓடுங்கள். பிய்ந்த கொடுக்கின் வாசனை மற்ற தேனீக்களையும் அங்கே அழைக்கும். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுவிட்டுப் போவதில்லை. அங்கே தேடிக்கொண்டு நிற்கவே வேண்டாம்.

என் முக்கியமான குறை இனிமேல்தான். பெரும்பாலான முதலுதவிப் பட்டியல்கள் வலியைப் பற்றியே பேசுகின்றன. ஒன்றிரண்டு கொட்டு என்றால், சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் வலி சில மணி நேரத்தில் தானே குறையும். ஆளைக் கொல்வது ஒவ்வாமை அதிர்ச்சி. பிரிட்டனில் இப்படி இறந்தவர்களைப் பற்றி ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சிக்கொட்டு வாங்கியவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்க ஆன நேரத்தின் நடுமதிப்பு 15 நிமிடம்.

பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக அதைவிட நேரமாகும். ஆகவே கொட்டின இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைச்சுற்றல் என்று ஏதாவது தெரிந்தால் எதையும் தடவிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். பெரிய ஆஸ்பத்திரி எது என்பதைவிட, அந்த மருந்து உடனே கிடைக்கிற பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது என்பதே முதல் கேள்வி. ஏவிலும் டெக்ஸாவும் அதற்கு மாற்று இல்லை. டி.டி. ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பழக்கம்: மயங்கினவரை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொண்டு பறப்பது. அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் விழுந்தவரைச் சட்டென்று நிமிர்த்தி உட்கார வைப்பதே இதயத்தை நிறுத்தலாம் என்று பம்ஃப்ரி 2003-இல் எழுதினார். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காரோ ஆட்டோவோ, ஆளைப் படுக்கவைக்க முடிகிற வண்டி வேண்டும்.

கூட்டமாகக் கொட்டினால் கணக்கே வேறு. கதண்டோ மலைத்தேனீயோ பத்துக்கணக்கில் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷத்தின் அளவே ஆபத்து. தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் டிக்காக்‌ஷன் நிறத்தில் போகும். இது மறுநாள்கூடத் தெரியவரலாம். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்குக் குளவிக்கொட்டு தொழிலோடு வரும் ஆபத்து. அங்கேயும் இங்கேயும், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்பதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

நடுநிலையாக்கலுக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் வயிற்று எரிச்சலுக்கான ஆன்டாசிட் மாத்திரை அதே பாடத்திலேயே இருக்கிறது. அது உண்மையும்கூட. தேனீயை வேதியியலிலிருந்து எடுத்து உயிரியல் பாடத்தில் வைக்கலாம். புளியமரத்தடியில் விளையாடுகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: ஓடு, பிடுங்கு, அரை மணி நேரம் ஒரு பெரியவர் கண்பார்வையில் இரு. மதிப்பெண்ணும் அதற்கே கொடுக்கலாம்.