புராஸ்டேட் பயாப்சி: கண்ணை மூடிக் குத்தியது போதும்

புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எண் கூடுதலாக வந்துவிட்டால், “சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்” என்பார் மருத்துவர். வீட்டுக்கு வந்தால், “ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்” என்று எச்சரிக்க இரண்டு பேராவது இருப்பார்கள். புராஸ்டேட்டில் ஊசி போன தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆனால் பயாப்சியைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு சில உண்டு. அவை பற்றி ஊரில் பேச்சே இல்லை.

ஒரு காலத்தில் மருத்துவர் மலக்குடலுக்குள் விரலை விட்டுத் தடவி, கெட்டியாகத் தட்டுப்படும் இடத்தில் ஊசியைச் செலுத்தினார். விரலுக்கு எட்டாத கட்டி தப்பித்துவிடும். 1989இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜ், ஸ்டேமி முதலியோர் இதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். ஆசனவாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, சுரப்பியை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் இழை எடுப்பது அவர்கள் முறை. ஆறு பின்னாளில் பன்னிரண்டானது. உலகமெங்கும் இதுவே வழக்கமானது.

நோயாளி ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மார்போடு மடக்கிக்கொள்வார். மரத்துப்போக ஊசி போட்டபின், ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி ‘டக்’கென்று ஒலிக்கும். ஊசி உள்ளே போய் வந்தது தெரிவதற்குள் முடிந்துவிடும். பிறகு இன்னொரு ‘டக்’. ஊசியின் பள்ளத்தில் வருவது வெளிறிய ஓர் இழை. நீளம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்; தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வலமா இடமா, மேலா கீழா என்று எழுதிய ஃபார்மலின் குப்பிக்குள் அது போய்விடும்.

நாற்பது கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சுரப்பியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு இழைகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் கால் கன சென்டிமீட்டர் தேறாது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். புராஸ்டேட் புற்று அப்படிச் சீராக இருப்பதில்லை. ஒரே சுரப்பியில் இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாக, வெவ்வேறு வீரியத்தில் முளைக்கிறது. வழக்கமான அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் எல்லை தெரிகிறது. புற்று பெரும்பாலும் தெரிவதில்லை. ஊசியும் பின்னாலிருந்தே போவதால் முன்பக்கத்துக் கட்டிகளை எட்டாமல் நின்றுவிடுகிறது. படம் பார்த்துக் குத்துவதுபோலத் தோன்றினாலும், கட்டியைப் பொறுத்தவரை இது கண்ணை மூடிக் குத்துவதுதான்.

எவ்வளவு தவறுகிறது என்பதை 2017இல் வெளியான பிரிட்டனின் ‘ப்ராமிஸ்’ ஆய்வு அளந்து காட்டியது. 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் வழக்கமான பயாப்சியும் செய்து, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் சுரப்பி முழுவதையும் துழாவும் இன்னொரு பயாப்சியோடு இரண்டையும் ஒப்பிட்டார்கள். அபாயமான புற்றுகளில் வழக்கமான பயாப்சி கண்டுபிடித்தது 48 விழுக்காடுதான். எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டைச் சுட்டியது. “ஒன்றுமில்லை” என்ற ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு அந்த நிம்மதி பொய்யானது என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

இதே முறை எதிர்ப்பக்கமும் பிசகுகிறது. வயதான ஆண்கள் பலருடைய புராஸ்டேட்டில் வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராத சின்னஞ்சிறு புற்று இருக்கும். குருட்டு ஊசி பெரியதைத் தவறவிட்டு, இதில் போய்த் தைக்கிறது. பிறகு அந்த மனிதர் ‘கேன்சர் நோயாளி’. அறுவை, கதிர்வீச்சு, அவற்றின் பின்விளைவாகச் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு. பிரிட்டனின் ‘ப்ரொடெக்ட்’ ஆய்வில் புராஸ்டேட் புற்று இருந்த 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவுகளாக்கித் தொடர்ந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் அந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். பிரிவுகளிடையே பெரிய வேறுபாடில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ரிப்போர்ட் வந்த மறுவாரமே ஆபரேஷன் என்று ஓட வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை என்பது தெளிவு.

இவ்வளவு குறை சொன்னாலும் திசுவுக்கு மாற்று கிடையாது. பி.எஸ்.ஏ. வீக்கத்தாலும் ஏறும், கிருமித் தொற்றாலும் ஏறும். எம்.ஆர்.ஐ. சந்தேகத்தைத்தான் சொல்லும். புற்று இருக்கிறதா, எவ்வளவு மூர்க்கமானது என்று நுண்ணோக்கியின்கீழ் பார்த்துச் சொல்வது நோய்க்குறியியல் மருத்துவர்தான். அந்த மூர்க்கத்தை எண்ணால் குறிக்க டொனால்ட் கிளீசன் 1966இல் வகுத்த அடிப்படை இன்றும் நிற்கிறது. ரிப்போர்ட்டில் 3+4 என்றிருந்தாலும் 4+3 என்றிருந்தாலும் கூட்டுத்தொகை ஏழுதான். ஆனால் முதல் எண் அதிகமாகக் காணப்படும் வடிவத்தைக் குறிப்பது. அது நான்காக இருந்தால் நோய் ஒரு படி கடுமையானது. ‘ஏழு’ என்று மட்டும் தெரிந்துகொண்டு வெளியே வருவது போதாது.

ஆக, பயாப்சி வேண்டும். எங்கே குத்துகிறோம் என்று தெரிந்து குத்த வேண்டும். 2018இல் வந்த ‘பிரிசிஷன்’ ஆய்வில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேக இடத்தில் மட்டும் குத்தியபோது அபாயமான புற்று 38 விழுக்காட்டினரிடம் கிடைத்தது. பழைய முறையில் 26. அபாயமற்ற புற்று 22லிருந்து 9 விழுக்காடாகக் குறைந்தது. எம்.ஆர்.ஐ. பிரிவில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு ஊசியே தேவைப்படவில்லை. வசதி இருக்கும் ஊரில், நோய் இருக்கிறதா என்று தேடும் நிலையில், எம்.ஆர்.ஐ. இல்லாமல் நேரே பன்னிரண்டு ஊசிக்குப் போவதற்கு இனி நியாயம் இல்லை என்பது என் கருத்து.

எம்.ஆர்.ஐ.யும் பிழையற்றதல்ல. படிப்பவரின் அனுபவத்தைப் பொறுத்து முடிவு மாறும். சந்தேகத்துக்குத் தரும் மதிப்பெண் ஐந்தில் மூன்று என்று வந்தால் இங்குமில்லை அங்குமில்லை. செலவும் கூடும்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை ஊசி போகும் வழி. மலக்குடல் சுவரைத் துளைத்துப் போகும் ஊசி, அங்குள்ள கிருமிகளையும் சுரப்பிக்குள் கொண்டுபோகிறது. வெறும் சோதனைக்குப் போனவர் ரத்தத்தில் கிருமி கலந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க நேர்கிறது. தொற்றைத் தடுக்க வழக்கமாகக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை நம்பும் நிலை இந்தியாவில் இல்லை. ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பு அறிக்கைகளின்படி, மருத்துவமனை மாதிரிகளில் கிடைக்கும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு அடங்குவதில்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியே குத்தினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவில் 2024இல் வெளியான ‘பிரிவென்ட்’ ஆய்வில், தடுப்பு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே தோல்வழிப் பிரிவில் ஒருவருக்கும் தொற்று இல்லை. மலக்குடல் வழியில், கிருமியைச் சோதித்து அதற்கேற்ற மருந்து கொடுத்தும் 1.4 விழுக்காடு. எண்ணிக்கை சிறியது என்பதால் புள்ளியியல்படி அந்த முடிவு மயிரிழையில் உறுதியாகாமல் போனது. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் தோல்வழியையே முதலில் பரிந்துரைக்கிறது. சற்றுக் கூடுதலாக வலிக்கும். ஆனால் முன்பக்கத்துக் கட்டிகளை எட்டுவது இதில் எளிது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் மலிந்த நம் நாட்டில் இதற்கு மாறுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதுவரை சொன்னது நோயைத் தேடும் நிலைக்கு. முதுகுவலி என்று வந்து, பி.எஸ்.ஏ. நூற்றுக்கணக்கில் ஏறி, எலும்பு ஸ்கேனிலும் நோய் தெரிந்துவிட்ட முதியவர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் நிறையப் பேர். அவர்களுக்குப் பன்னிரண்டு ஊசி வீண் வேதனை. நோயை உறுதிசெய்ய இரண்டு முதல் நான்கு நல்ல இழைகள் போதும். ஆனால் அந்தச் சிறு திசுவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஓலபாரிப் போன்ற மருந்து பயன்படுமா என்று அறிய பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனைக்கு, சில ஆண்டுகள் கழித்து அதே திசு தேவைப்படலாம். ரிப்போர்ட் காகிதத்தோடு நின்றுவிடாமல், ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் எங்கே இருக்கின்றன, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு மருத்துவமனைக்குப் போனால் கொடுப்பார்களா என்று வீட்டிலுள்ளவர்கள் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.